வெளியிலிருந்து திறக்கும் கதவு



டிசம்பர் மாதத்தில் ஒரு கிறிஸ்தவனைப் பேசக் கூப்பிட்டால் கிறிஸ்மஸைப் பற்றிப் பேசுவான் என்றுதான் நினைத்திருப்பீர்கள். நான் அதற்கு முன்னால் வருகிற நான்கு வாரத்தைப் பேச வந்திருக்கிறேன். அட்வெண்ட் என்பார்கள், தமிழில் திருவருகைக் காலம். நவம்பர் 30, அந்திரேயா திருநாள். அதற்கு மிகப் பக்கத்தில் வரும் ஞாயிறு தொடங்கி டிசம்பர் 24 வரைக்கும். எங்கள் வழிபாட்டு நாள்காட்டிக்கு வருடப்பிறப்பே அந்த ஞாயிறுதான்.

நம் ஊரில் இந்த நான்கு வாரம் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. டிசம்பர் பிறந்ததும் வீடு வீடாகப் பாடிப்போகும் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்பிவிடுகிறது. பத்தாம் தேதிக்குள் அலுவலகங்களில் கேக் வெட்டியாகிவிடுகிறது. இருபத்தைந்தாம் தேதி வந்து சேரும்போது பண்டிகை ஆறிப்போயிருக்கிறது. அந்தக் கேக்கை வாங்கிச் சாப்பிடுகிறவர்களில் நானும் ஒருவன்தான், ஒளிக்கவில்லை.

ஆனால் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள், அங்கே வேறு காலம் நடக்கிறது. குருவானவர் ஊதா உடுப்பில் நிற்கிறார். கத்தோலிக்கத் திருப்பலியில் ஞாயிறுதோறும் பாடுகிற வானவர் கீதத்தை இந்த வாரங்களில் பாடமாட்டார்கள். வானவர் அதைப் பாடியது பெத்லகேமில் பிள்ளை பிறந்த இரவில். அந்த இரவு வரட்டும் என்று வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். முதல் ஞாயிறு வாசிக்கும் நற்செய்தியில் தொட்டிலும் இல்லை, மாட்டுக்கொட்டகையும் இல்லை. வளர்ந்த இயேசு, தம் சாவுக்குச் சில நாள் முன்பு, எருசலேமுக்கு அருகே சீடர்களிடம் பேசுகிறார்: வீட்டுத் தலைவன் எந்நேரம் திரும்புவான் என்று தெரியாது, விழித்திருங்கள். மாற்கு எழுதியதில் அந்த நேரங்கள் நான்காக எண்ணப்படுகின்றன. மாலை, நள்ளிரவு, சேவல் கூவும் வேளை, விடியல்.

அப்படியானால் வந்துவிட்டவரைக் கொண்டாடுகிறோமா, வரப்போகிறவருக்குக் காத்திருக்கிறோமா? ஆதிக் கிறிஸ்தவர்கள் சொல்லிவந்த ஓர் அரமேயச் சொல் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. 'மாரனாதா'. மாரன் அதா என்று பிரித்தால் 'நம் ஆண்டவர் வந்துவிட்டார்'. மாரனா தா என்று பிரித்தால் 'எங்கள் ஆண்டவரே, வாரும்'. சொல்லைப் பிரித்துப் பொருள் பார்ப்பது தமிழ் மாணவர்களுக்கு விளையாட்டு மாதிரி. அதனால் இங்கே விளக்கம் தேவையில்லை. (அரமேயத் 'தா' வரச் சொல்கிறது, நம் 'தா' தரச் சொல்கிறது. ஒலி ஒற்றுமைதான், இதை வைத்து யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிடாதீர்கள்.) முடிந்துபோன செய்தியும் இன்னும் முடியாத வேண்டுதலும் ஒரே எழுத்துக்களில் கிடக்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்து என்ற துறவி அந்த இரண்டு வருகைகளுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றைச் சொன்னார்: மனிதனுக்குள்ளே, ஓசைப்படாமல், அன்றாடம் நடக்கிற வருகை.

இது இலக்கிய மன்றம் என்பதால் துணிந்து ஒன்று சொல்கிறேன். சங்கப் பாடல்களின் திணைகளில் நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல், அதாவது புலம்பல்; முல்லைக்கு இருத்தல், அதாவது காத்திருப்பு. இரண்டிலும் தலைவன் ஊரில் இல்லை, இரண்டிலும் தலைவி தனியாள். முல்லைத் தலைவியும் அழத்தான் செய்கிறாள். ஆனாலும் ஆற்றியிருக்கிறாள், ஏனென்றால் கார்காலத்துக்குள் திரும்பிவிடுவேன் என்ற சொல் ஒன்று அவளிடம் இருக்கிறது. திருவருகைக் காலம் எனக்கு முல்லையாகத்தான் படுகிறது. முல்லைக்குச் சிறுபொழுது மாலை. திருவருகைக் காலமும் சனிக்கிழமை மாலைச் செபத்தோடுதான் தொடங்கும்.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் தூவி, ஊர்ப்புறத்தில் விரிச்சி, அதாவது தற்செயலாகக் காதில் விழும் நற்சொல், கேட்க நிற்கிறார்கள். அங்கே குளிரில் நடுங்கும் ஓர் ஆயர்மகள், தாயைத் தேடித் தவிக்கும் இளங்கன்றிடம், உன் அம்மா இதோ வந்துவிடுவாள் என்கிற பொருளில் பேசுகிறாள். கன்றுக்குச் சொன்ன பேச்சு அது. முதுபெண்டிரோ அதைத் தலைவிக்கான நற்சொல்லாக எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஏசாயா நூலை நாங்கள் வாசிப்பதும் இப்படித்தான். நாற்பதாம் அதிகாரத்தின் ஆறுதல் மொழி, பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டுத் தவித்த யூதர்களுக்குச் சொன்னது; பாலை நிலத்தில் வீடு திரும்பும் வழி உண்டாகும் என்று. கிறிஸ்தவர்கள் ஓரமாக நின்று கேட்டவர்கள். கேட்டதை வீட்டுக்குக் கொண்டுவந்து தங்களுக்கான சொல்லாக வைத்துக்கொண்டார்கள். முதலில் யாருக்குச் சொன்னது என்பதையே மறந்துபோன பிழையும் எங்கள் பக்கம் உண்டு.

கோயிலில் வாரத்துக்கு ஒன்றாகக் கொளுத்தும் நான்கு மெழுகுவர்த்தி வளையத்தைப் பார்த்திருப்பீர்கள். அது அவ்வளவு பழையதல்ல. 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விக்கெர்ன் என்ற லுத்தரன் இறையியலாளர், கிறிஸ்மஸ் எப்போது என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளைக் குத்தி வைத்தார். ஞாயிறுகளுக்குப் பெரியது நான்கு, மற்ற நாட்களுக்குச் சிறியவை.

அதே ஜெர்மனியில் நூறு வருடம் கழித்துக் காத்திருந்தவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்கிறேன். பெர்லினில் டேகல் சிறை. 1943 நவம்பரில், ஹிட்லரை எதிர்த்த லுத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் அங்கிருந்து நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். சிறை அறையில் இருப்பவன் காத்திருக்கிறான், நம்புகிறான், அங்குமிங்கும் ஏதோ சில்லறை வேலை செய்கிறான். ஆனால் கதவு வெளியிலிருந்துதான் திறக்கவேண்டும். திருவருகைக் காலத்துக்கு இது பொருந்தாத படம் இல்லை என்று எழுதினார். திருவருகையைப் பற்றி நான் வாசித்த எத்தனையோ பக்கங்களில் அந்த ஒன்றுதான் என்னை விட்டுப் போகவில்லை. உள்ளே இருப்பவனின் பக்திக்கோ கெட்டிக்காரத்தனத்துக்கோ அந்தப் பூட்டு அசையாது.

மறு வருடம் அதே சிறையில் ஆல்ஃபிரட் டெல்ப், இயேசு சபைக் குரு. ஹிட்லருக்குப் பிறகு ஜெர்மனி எப்படி இருக்கவேண்டும் என்று யோசித்த கிரைசாவ் வட்டத்தோடு சேர்ந்திருந்தது குற்றம். கைவிலங்கோடு, துண்டுக் காகிதங்களில், அந்த டிசம்பரில் திருவருகைக்காலத் தியானங்களை எழுதினார். சலவைத் துணியோடு அந்தக் காகிதங்கள் வெளியே போயின. எல்லாம் ஆட்டம் கண்டு நிற்கும் காலத்தில் மனிதன் உலுக்கி எழுப்பப்படுவதே திருவருகை என்பது அவர் கண்டது. வெளியே நகரத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்கள். டிசம்பர் 8 அன்று, சிறைக்குள்ளேயே, தம் சபைக்குரிய இறுதி வார்த்தைப்பாட்டைக் கொடுத்தார். ஜனவரியில் விசாரணை, மரண தண்டனை. 1945 பிப்ரவரி 2 அன்று பிளோட்சென்சேயில் தூக்கிலிட்டார்கள். வயது 37.

பிப்ரவரி 2, நாற்பது நாள் குழந்தையை மரியாவும் சூசையும் எருசலேம் ஆலயத்துக்கு எடுத்துப்போன திருநாள். அன்றைய நற்செய்தியில் சிமியோன் என்ற மனிதர் வருவார். மெசியாவைக் காணுமுன் சாவதில்லை என்று ஒரு சொல் அவருக்குக் கிடைத்திருந்தது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு காத்திருந்தவர். அன்று அவர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, இனி என்னைப் போகவிடலாம் என்கிறார்.