மண்ணுக்கு உயிர் ஊட்டுவோம்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சமய விழாவொன்றிலே மண்ணைப் பற்றிப் பேச வந்துவிட்டானே இவன் என்று சிலர் எண்ணக்கூடும். பூமாதேவியைத் தாயென்று வணங்குகின்றவர்கள் நாம். காலையில் எழுந்து நிலத்திற் காலூன்றுமுன் அவளிடம் பொறுத்தருள வேண்டும் பெரியோர் இன்றும் நம் வீடுகளில் உளர். ஆனால் அத்தாய்க்கு நாம் உண்ணக் கொடுப்பது என்ன? வளவைக் கூட்டிச் சருகைக் குவித்து மாலையில் நெருப்பு வைக்கிறோம். மறுநாட் காலையிற் கடைக்குச் சென்று பசளை வாங்குகிறோம். இந்த முரண்பாட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் நம் நிலத்தின் இயல்பை நோக்குவோம். வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலை, மண்டூர் முதலிய ஊர்களைக் கொண்ட படுவான்கரையிலே வயல் நிலம் உண்டு. களியும் வண்டலும் உண்டு. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையிலோ, கல்லடி தொடங்கி ஆரையம்பதி, செட்டிபாளையம், களுவாஞ்சிகுடி ஈறாக, நம் வளவுகளில் இருப்பது பெரும்பாலும் மணல். மணலுக்குப் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைவு. ஊற்றிய நீர் இறங்கிவிடும். இட்ட பசளையும் அதனோடு இறங்கிவிடும். அது எங்கே போகிறது? சில அடி ஆழத்திலுள்ள நம் கிணற்று நீருக்கே போகிறது. யூரியாவிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று குடிநீரில் மிகுந்தால், பச்சிளங் குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்லும் வலிமையை இழக்கும். ஆகவே மணலிலே பசளையை அள்ளி வீசுவது பணத்தை மட்டுமன்றித் தண்ணீரையும் கெடுக்கும் செயலாகும்.

அங்ஙனமாயின் சேதனப் பசளையே போதும் என்று எளிதாகச் சொல்லிவிடலாமோ? அப்படிச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடை செய்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு நவெம்பரிலே தடை நீக்கப்பட்டது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. அடுத்து வந்த பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வீழ்ந்தது. அந்நாளில் நான் உயர்தர வகுப்பு மாணவன். எங்கள் வயலில் வேளாண்மை மஞ்சளித்து நின்றதையும், வெட்டு முடிந்தபின் மூடைகளை எண்ணிப் பார்த்து என் தந்தையார் பேசாமல் இருந்ததையும் கண்டேன். அன்று முதல் இயற்கைப் பசளை என்னும் சொல்லையே அவர் வீட்டிற் கேட்க விரும்பவில்லை. அவர்மீது குறை காண என்னால் இயலாது.

அதே 2021இல் சேதனப் பசளை ஏற்றிய கப்பலொன்று சீனாவிலிருந்து நம் நாட்டை நோக்கி வந்தது. அதன் மாதிரிகளிலே தீங்கு பயக்கும் பக்டீரியாக்கள் இருப்பதாக நம் அதிகாரிகள் கூறினர், அனுப்பியவர்கள் மறுத்தனர். சரக்கு இறக்கப்படவில்லை. எனினும் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க டொலரை நாடு செலுத்த நேர்ந்தது. இதிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்றே. உயிருள்ள மண்ணைக் கட்டளையிட்டு உண்டாக்கவும் முடியாது. கப்பலில் வருவிக்கவும் முடியாது. அதை இருக்குமிடத்திலே, சிறிது சிறிதாக, ஆண்டுக்கணக்கில் ஆக்க வேண்டும். அதற்கு ஏற்ற இடம் வயலன்று. நம் வீட்டு வளவு. அங்கே தவறினால் பட்டினி இல்லை. தேறினால் அறிவு உண்டு.

உயிருள்ள மண் என்றால் என்ன? வளமான மண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதிலே பத்துக் கோடி முதல் நூறு கோடி வரை பக்டீரியாக்கள் இருக்கும் என்பர். அவற்றோடு பங்கசு இழைகளும் மண்புழுக்களும் வாழ்கின்றன. சருகையும் சாணத்தையும் இவை உண்டு, செடி உண்ணத்தக்க உணவாக மாற்றுகின்றன. எஞ்சும் கரிய மக்கு, மணலின் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்து நீரையும் சத்தையும் பிடித்து வைக்கிறது. மணலுக்கு இல்லாத கைகளை இந்த மக்கே கொடுக்கிறது.

மண்புழுவின் பெருமையை 1881இல் சாள்ஸ் டார்வின் தம் இறுதி நூலில் ஆராய்ந்தார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரிலே ஆண்டொன்றுக்குப் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடலூடாகச் சென்று மேலே வருகிறதென மதிப்பிட்டார். பத்தாண்டுகளின் பின், 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்திலே சுந்தரம்பிள்ளை அவர்கள் நடராசன் என்னும் பாத்திரத்தின் வாயிலாக நாங்கூழ்ப் புழுவை விளித்து, உழவருக்கெல்லாம் மேலான உழவனாகப் போற்றினார். விஞ்ஞானியும் புலவரும் ஒரே புழுவின் முன் தலைவணங்கினர். நாமோ மண்வெட்டியால் அதை இரு துண்டாக்கிவிட்டு அப்பாற் செல்கிறோம்!

இங்கே பெரியோர் ஒரு வினா எழுப்புவார்கள். “தம்பி, உழுது புழுதியை நன்கு காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமென்று வள்ளுவர் கூறியிருக்கிறாரே! நீ கொத்தாதே என்கிறாயே?” நியாயமான வினா. ஆனால் அதை அடுத்த குறளிலேயே ஏரின் தொழிலுக்கு மேலாக எருவின் தொழிலைத் தெய்வப்புலவர் வைத்திருக்கிறார். இறுகிய களிநிலத்தை உழுது காயவிடுவதிற் பயன் உண்டு. நம் மணலோ முன்னமே தளர்ந்து கிடப்பது. அதைக் கொத்திப் புரட்டும்போது சிறிதளவு உள்ள மக்கும் காற்றும் வெயிலும் பட்டு விரைவில் அழிகிறது, பங்கசு இழைகள் அறுகின்றன, ஈரம் பறக்கிறது. அமெரிக்கச் சமவெளிகளிலே புல்நிலத்தை உழுது வெறுமையாக்கியமையால், 1930களில் வறட்சி வந்தபோது மேல்மண் புழுதிப் புயலாய்ப் பறந்த வரலாற்றை நாம் அறிவோம். யப்பானிய உழவர் மசனோபு புக்குவோக்கா உழாமலும் இரசாயனம் இடாமலும் நெல் விளைவித்து, அந்த அனுபவத்தை 1975இல் ஒரு வைக்கோற் புரட்சி என்னும் நூலாக எழுதினார். அவர் நிலம் வேறு, நம் நிலம் வேறு. ஆயினும் மண்ணை மூடிவை, அதன் வேலையை அது செய்யும் என்ற கொள்கை நமக்கும் பொருந்தும்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். முதலாவது, கூட்டெரு. சேர் அல்பேட் ஹவாட் என்னும் ஆங்கிலேயர் 1924 முதல் 1931 வரை இந்தியாவின் இந்தூரில் பணியாற்றியபோது ஒரு முறையை வகுத்தார். செடிகொடிக் கழிவு, சாணம், சிறிது மண் ஆகியவற்றை மாறி மாறி அடுக்கி, ஈரம் காத்து, இடையிடையே புரட்டினால் மூன்று மாதத்தில் எரு ஆகும். நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம் போதும். வைக்கோல், சருகு போன்ற உலர்ந்தவை இரண்டு மூன்று பங்கு. சீமைக்கிளுவைக் குழை, பூவரசங் குழை, மரக்கறிக் கழிவு போன்ற பச்சையானவை ஒரு பங்கு. இடையே மாட்டெரு அல்லது ஆட்டுப் புழுக்கை. சில நாளிலே குவியலின் நடுவில் கை வைக்க முடியாதபடி சூடேறும். இரு வாரத்திற்கு ஒருமுறை புரட்டுக. ஒரு பிடியை அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் மிகை. முதல் மழை மணம் வீசினால் எரு பழுத்தது. நாற்றம் வீசினால் காற்றுப் போதவில்லை.

இரண்டாவது, பாத்தி. நான்கடிக்கு மேல் அகலம் வேண்டாம். இரு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும், கால் உள்ளே படக்கூடாது. கொத்த வேண்டாம். களையை நிலமட்டத்தில் வெட்டி, அதன்மேல் நனைத்த காட்போட் மட்டையைப் பரப்புக. பக்கங்களிலே தேங்காய் உரிமட்டைகளை அடுக்கினால் வரம்புமாகும், நீரையும் ஏந்தும். உள்ளே பச்சைக் குழையும் சாணமும் ஒரு படை. வைக்கோல் ஒரு படை. பின் வயலோரக் களிமண்ணை உடைத்துச் சிறிது தூவுக. மணலோடு களி சேர்வது பாலுக்கு உறை இடுவது போன்றது. வாவிச் சேற்றை மட்டும் எடுக்காதீர்கள். அதிலுள்ள உப்பு செடியைக் கொல்லும். எல்லாவற்றுக்கும் மேலே பழுத்த கூட்டெரு மூன்று அங்குலம். அதிலே நாற்றை நடலாம். நட்டபின் வைக்கோலால் நான்கு அங்குலம் மூடி, தண்டைச் சுற்றி மட்டும் சிறிது இடம் விடுக. ஆவணியில் தொடங்கினால் மாரி மழைக்கு முன் பாத்தி அமர்ந்துவிடும். வெள்ளம் தேங்கும் வளவானால் ஓரடி உயர்த்திக் கட்டுக.

மூன்றாவது, பராமரிப்பு. அறுவடையின்போது செடியைப் பிடுங்காமல் அடியில் வெட்டுக. வேர் மண்ணுள் மக்கி, நீருக்கும் புழுவுக்கும் வழியாகும். ஒரு பயிர் முடிந்தால் அடுத்தது பயற்றையோ கச்சானோ ஆகட்டும். அவற்றின் வேர்முடிச்சில் வாழும் பக்டீரியா காற்றின் நைதரசனைப் பிடித்துத் தரும். போகத்துக்கு ஒருமுறை மேலே எருவும் மூடலும் இட்டால் போதும்.

நான் செய்த தவறொன்றையும் ஒளியாமற் கூறுகிறேன். முதலாண்டில், மக்குத்தானே என்று மரத்தூளை அள்ளி மணலோடு கலந்து மிளகாய் நட்டேன். மூன்று வாரத்தில் அத்தனையும் மஞ்சளித்தன. மரத்தூளிற் காபன் மிக மிக அதிகம். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த நைதரசனையெல்லாம் தாமே எடுத்துக்கொண்டன. என் தந்தையார் பார்த்துவிட்டு, “2021 இங்கேயும் வந்துவிட்டதா?” என்று மட்டும் கேட்டார். மக்காத பொருளை மேலே மூடலாம். உள்ளே கலக்கக்கூடாது என்பதை அன்று கற்றேன்.

வேறு எச்சரிக்கைகளும் உண்டு. தென்னை உள்ள வளவில் எருக்குவியலைக் கவனியாது விட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புரட்டும்போது புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுக. வாவியில் மிதக்கும் ஆற்றுவாழையும் சல்பீனியாவும் நல்ல எருப்பொருள். ஆயினும் நகர வடிகால் விழும் இடத்தில் அள்ளியவற்றை மரக்கறிக்கு இடவேண்டாம். அவை நீரிலுள்ள நச்சு உலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும்.

இப்போது மூன்றாம் ஆண்டு. என் பாத்தி பன்னிரண்டடி நீளந்தான். முதலாண்டு சாம்பல் நிறமாய் இருந்த மணலின் மேற்பகுதி நாலு விரல் ஆழத்துக்குக் கறுத்திருக்கிறது. முன்பு காலையும் மாலையும் இறைத்த தண்ணீர், இன்று ஒன்றுவிட்டொரு நாள் போதுமாயிருக்கிறது. மண்புழுக்களை நான் கொண்டுவரவில்லை. அவை தாமே வந்தன. இது பெரிய சாதனை என்று நான் கூறவில்லை. வயலுக்கு இதுவே வழியென்றும் கூறவில்லை. ஆனால் சென்ற சிறுபோக வெட்டு முடிந்தபோது, வழக்கம்போல் வைக்கோலை எரிக்காமல், என் தந்தையார் அதை ஒரு மூலையிற் போர் வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் கற்ற மிஷன் பாடசாலையிலே விதைப்பவன் உவமையைப் பலமுறை படித்திருக்கிறேன். வழியிலும் கற்பாறையிலும் முட்செடியிலும் விழுந்த விதைகள் வீணாயின. நல்ல நிலத்தில் விழுந்தவையே பலன் தந்தன. அந்நாளில் விதையைப் பற்றியே சிந்தித்தேன். இன்று அந்த நல்ல நிலத்தை ஆக்கியவன் யார் என்று சிந்திக்கிறேன்.

முடிவாக மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் ஆலயத்திலே திருவிழா தோறும் மாலைகளும் வாழையிலைகளும் இளநீர்க் கோம்பைகளும் மலையாய்க் குவிகின்றன. இறைவனுக்குச் சாத்திய மலரைக் குப்பையில் எறிவதும் எரிப்பதும் முறையோ? நாரையும் பிளாத்திக்கையும் நீக்கி அவற்றைக் கூட்டெருவாக்கி, ஆலய வீதியிலே ஒரு நந்தவனம் அமைப்போம். அம்மண்ணில் மலர்ந்த பூவே மறுபடி அவன் திருவடியைச் சேரட்டும். அத்தோடு மன்றத்து இளைஞர் ஒவ்வொருவரும் இந்த மாரிக்கு முன் தம் வளவிலே ஒரேயொரு பாத்தி அமைக்கட்டும். பெரியோர்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. இன்று மாலை முற்றத்துச் சருகுக்கு நெருப்பு வைக்கப் போகும்போது, ஒரு கணம் நின்று யோசியுங்கள்.