இரண்டாம் உலகப் போரும் திருச்சி மண்ணின் எழுத்தும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் சமயபுரத்தில் ஆற்றிய உரை)



போரைப் பற்றிப் பேசச் சமயபுரம் பொருந்தாத இடமன்று. இங்குள்ள கண்ணனூர் 13ஆம் நூற்றாண்டில் போசளர்களின் தலைநகராய் விளங்கிய ஊர். ஆனால் நான் எடுத்துக்கொண்ட போர் அவ்வளவு பழையதன்று. 1939 முதல் 1945 வரை உலகையே உலுக்கிய போர், நம் பகுதியின் சோற்றையும் தாளையும் எழுத்தையும் எவ்வாறு மாற்றியது என்பதே என் பேச்சு.

தமிழ் மண்ணில் போர் நடக்கவில்லை, ஆதலால் தமிழ் இலக்கியத்திலும் போர் இல்லை என்று கூறுவோர் உளர். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16இல் தொடங்கியது. நான்காவது மாதத்திலேயே ஐரோப்பாவில் போர் மூண்டது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச் 8இல் இரங்கூனும் வீழ்ந்தன. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் சப்பானியர் குண்டு வீசினர். சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்நாட்டு ஊர்களை நோக்கிப் பெயர்ந்தனர்.

இரங்கூன் வீழ்ந்தால் காவிரிக் கரைக்கு என்ன என்று கேட்கலாம். சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பியிருந்தது. அது நின்றவுடன் கொள்முதல், பங்கீட்டு அட்டை, அளந்து போடும் அரிசி என்று ஒரு புதிய வாழ்க்கை முறை வந்து சேர்ந்தது. போர் 1945இல் முடிந்தும் அது முடியவில்லை. 1952இல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோதுதான் உணவுக் கட்டுப்பாடு நீங்கியது. அரசாங்கம் குடிமகனின் அடுக்களை வரை வந்து கணக்குக் கேட்கும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியது அந்தப் பத்தாண்டுகளில்தான். இன்றைய நியாயவிலைக் கடைக்கும் அந்த அட்டைக்கும் உறவுண்டு.

பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கானோர் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தனர். வெ. சாமிநாத சர்மா அவ்வாறு நடந்தவர்களில் ஒருவர். அவருடைய 'பர்மா வழி நடைப் பயணம்' நம்மிடம் உள்ளது. மலேயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். அவர்களைப் பற்றிய ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' வந்தது 1993இல். போர்க்காலத்தில் மேடானில் இருந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வந்தது 1972இல். நடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுதுகிறவர்கள் அல்லர். எழுதியவர்களோ பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. போர் இலக்கியம் நம்மிடம் இல்லாமற் போகவில்லை, தாமதமாக வந்தது. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது திறனாய்வாகாது.

இனி, கவிஞர்கள் நிறைந்த இந்த அவைக்கு மிக நெருக்கமான செய்திக்கு வருகிறேன். போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டிலேயே 'மணிக்கொடி' நின்றுபோனது. வெளிநாட்டுத் தாள் வரவு சுருங்கியது. தாளுக்குக் கட்டுப்பாடு வந்தது. புதிதாக ஓர் இதழ் தொடங்குவது அரிதினும் அரிதாயிற்று. அந்த நெருக்கடியில் சோதனை எழுத்துக்கு இடம் தந்தவை எவை? 1942இல் சாலிவாகனன் திருச்சியில் தொடங்கிய 'கலாமோகினி'. இங்கிருந்து வடக்கே உள்ள துறையூரிலிருந்து வந்த 'கிராம ஊழியன்'. பின்னது முதலில் அரசியல் இதழ். 1943இல் இலக்கிய இதழாக உருமாறிற்று. திருலோக சீதாராமும் கு.ப. ராஜகோபாலனும் அதற்குத் துணை நின்றனர். புதிதாகத் தொடங்க முடியாத காலத்தில் இருப்பதை உருமாற்றிக் கொண்டனர் என்பதை நான் ஒரு நல்ல தந்திரமாகவே பார்க்கிறேன்.

கு.ப.ரா. 1944 ஏப்ரலில் மறைந்தார். வறுமையும் நோயும் சேர்ந்து கொண்டுபோன உயிர். அப்போது அவருக்கு வயது 42. அவருக்குப் பின் வல்லிக்கண்ணன் துறையூருக்கு வந்து இதழை நடத்தினார். ந. பிச்சமூர்த்தி, கு.ப.ரா. ஆகியோரின் யாப்பை விட்டு விலகிய கவிதைகள் இவ்விரு இதழ்களில் வந்தன. 'மணிக்கொடி'யிலிருந்து 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து'வுக்கு ஒரு பாலம் உண்டென்றால், அதன் ஒரு தூண் திருச்சியிலும் மற்றொரு தூண் துறையூரிலும் ஊன்றப்பட்டது. புதுக்கவிதை வரலாற்றைச் சென்னையிலிருந்தே எழுதிப் பழகியவர்கள் இதை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர்.

வல்லிக்கண்ணன் தமது 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' நூலில் இக்காலத்தைப் பதிவு செய்தார். அவர் செய்திராவிட்டால் நாமும் மறந்திருப்போம். போர்க்காலத் தாள் மட்டமான தாள். பழைய இதழ்கள் பொடிந்து வருகின்றன. நம் உறுப்பினர் எவர் வீட்டுப் பரணிலாவது ஒரு பிரதி இருக்குமானால், அதைப் படியெடுத்து வைப்பதை இந்த வட்டத்தின் பதினோராம் ஆண்டு வேலையாகக் கொள்ள வேண்டுகிறேன். பர்மாவிலிருந்து நடந்து வந்த கதையைத் தாத்தா, பாட்டி வாயால் கேட்டவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும். அவர்களும் அதை எழுதித் தரவேண்டும்.

போருக்குப் பிந்திய ஆண்டுகளும் அமைதியாக விடியவில்லை. 1946 இரயில்வே வேலைநிறுத்தத்தின்போது, செப்டம்பர் 5ஆம் நாள், பொன்மலையில் போலீசார் சுட்டதில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். விடுதலைக்குப் பின் கட்டி எழுப்பும் காலம் வந்தது. திருவெறும்பூரில் பெல் கொதிகலன் தொழிற்சாலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது; அதற்குத் துணை புரிந்த செக்கோஸ்லோவாகியா, போர் மூளும் முன்பே விழுங்கப்பட்ட நாடுகளுள் ஒன்று. அடுத்த ஆண்டே துப்பாக்கித் தொழிற்சாலையும் இங்கு வந்ததை விதியின் குறும்பு என்பதா!

ஒரு நூலைச் சொல்லி முடிக்கிறேன். முதல் உலகப் போரை எதிர்த்து எழுதியதற்காகத் தம் நாட்டாரின் வசைக்கு ஆளான செர்மானிய எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே, அப்போர் முடிந்தபின் 'சித்தார்த்தா' நாவலை எழுதினார். அது 1922இல் வெளியாயிற்று. அதைத் தமிழாக்கியவர் தாள் பஞ்சத்தில் 'கிராம ஊழியன்' நடத்திய அதே திருலோக சீதாராம்தான். அந்த மொழிபெயர்ப்பையும் 'கிராம ஊழியன்' இதழ்களையும் அருகருகே வைத்து நம் கவிஞர்கள் ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.