நாரி நோவும் பெருநாடியும்
(இறுப்பிட்டியில் ஆற்றிய உரை)



நாரி நோவு இல்லாத வீடு இறுப்பிட்டியில் ஏது? துலா மிதித்தவர்க்கும் மண்வெட்டி பிடித்தவர்க்கும் அது கூடப்பிறந்த நோய். எண்ணெய் பூசி, ஒத்தடம் கொடுத்து, நாலு நாள் ஆறியிருந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். தணியாத நோவு ஒன்றைப் பற்றியே நாம் இன்று பேச வந்தோம்.

இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி, முதுகெலும்பின் முன்பக்கமாக வயிற்றினூடே இறங்குகிறது. அங்கே அதன் அகலம் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர். முதுமையாலும் இரத்த அழுத்தத்தாலும், எல்லாவற்றுக்கும் மேலாகப் புகையாலும் அதன் சுவர் நலிந்தால், பழைய சைக்கிள் ரியூப் ஓரிடத்தில் உப்புவது போலப் புடைத்துவிடும். 3 சென்ரிமீற்றரை எட்டினால் அது நோய். ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளரும். ஆண்களையே மிகுதியும் பற்றும். சுருட்டை வாயினின்றும் இறக்காத பெரியவர்கள் கோபியாது கேட்டருள வேண்டும்!

விஞ்ஞானி ஐன்ஸ்டீனை மாய்த்ததும் இந்நோயே. 1948இல் வயிற்றைத் திறந்த வைத்தியர் நிசன், புடைத்த நாடியைச் செலோபேன் தாளால் சுற்றிவிட்டார். அன்றைய வைத்தியம் அவ்வளவே. 1955 ஏப்பிரலில் அது வெடித்தது; மறுமுறை சத்திரசிகிச்சைக்கு அவர் இணங்கவில்லை.

இன்றோ வயிற்றின்மேல் கருவியை வைத்துச் சில நிமிடம் ஸ்கான் செய்தாலே புடைப்புத் தெரிந்துவிடும். ஊசியுமில்லை, நோவுமில்லை. 5.5 சென்ரிமீற்றரை எட்டினால், வெடிக்குமுன் செயற்கைக் குழாய் பொருத்தலாம். இலண்டனில் வாழும் நம்மூரவர் ஒருவர்க்கு 65 வயதாகும் ஆண்டில், இச்சோதனைக்கு வருமாறு அங்குள்ள அரச சுகாதார சேவையே கடிதம் விடுக்கிறது. அவருடைய தமையன் இறுப்பிட்டியில் இருக்கிறார். அவர்க்குக் கடிதம் விடுப்பார் யார்? ஆண்டுக்கொரு முறை ஸ்கான் கருவியுடன் ஒரு குழுவைத் தீவுகளுக்கு அனுப்புங்கள் என்று கேட்கிறோம். வாக்குக் கேட்க இத்தாம்போதியைக் கடந்து வருவோர்க்கு இது அரிய காரியமாகாது.

அதுவரை ஒன்றை மனத்திற் பதியுங்கள். வயது முதிர்ந்தவர்க்கு, அதிலும் புகைபிடித்தவர்க்கு, முதுகிலோ விலாவிலோ திடீரெனக் கடுநோவு எழுந்து, புரண்டு படுத்தும் மாறாது, வியர்த்து மயக்கமும் வந்தால், எண்ணெய்ச் சீசாவைத் தேடாதீர்கள், வயிற்றைப் பிசையாதீர்கள், விடியட்டும் என்றும் இராதீர்கள். உடனே 1990ஐ அழையுங்கள். வாணர் தாம்போதி, வேலணை, பண்ணை என்று யாழ்ப்பாணம்வரை வழி நீண்டது. நெடுந்தீவார்க்கோ குறிகட்டுவான்வரை கடலும் உண்டு. வைத்தியரிடம் நாரிப்பிடிப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், புகைத்த காலத்தையும், தந்தையோ சகோதரரோ இந்நோயால் மாண்டதுண்டாயின் அதனையும் சேர்த்துச் சொல்லுங்கள்.