கழுகைக் கொன்றது கோபுரமா? ஊசியா?

(திருப்போரூர் பொதுக்கூட்டத்தில் செய்த உபந்நியாசத்தின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சினிமா. சுயமரியாதைக்காரனுக்குச் சினிமாவில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். முன்பு காலக்ஷேபத்தில் நடந்த புராணம் இப்போது விஞ்ஞானச் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் வருகிறது. ஆதலால் அங்கேயும் அதைத் தொடர்ந்து போகவேண்டியிருக்கிறது.

2010-ல் ஷங்கர் எடுத்த "எந்திரன்" படத்தில் சிட்டி என்ற இயந்திர மனிதன் வந்தான். அவன் பராக்கிரமம் மிகை என்றாலும், மனிதன் செய்த யந்திரம் என்ற அளவில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. 2018-ல் வந்த "2.0" சங்கதி வேறு. செல்போன் கோபுரத்தின் அலையால் பறவைகள் சாகின்றன என்று மனம் நொந்த பக்ஷிராஜன் என்ற பெரியவர், கோபுரத்திலேயே தூக்கிட்டுக்கொள்ளுகிறார். பிறகு அவர் ஆவியும் பறவைகளின் ஆவியும் ஒன்றுகூடி, ஊரார் செல்போன்களைப் பறித்துப் பிரம்மாண்டமான பட்சியாகக் கிளம்புகின்றன. இதற்கு "ஆரா" என்று பெயர். பேய் என்றால் சிரிப்பார்கள். ஆரா என்றால் கைதட்டுவார்கள்!

இந்த ஆராவைப் படம் பிடித்திருக்கிறார்களே என்பார்கள். 1939-ல் ருஷியாவில் கிர்லியன் என்பவர் உயர்ந்த மின் அழுத்தம் கொடுத்துப் படமெடுத்தபோது விரலைச் சுற்றி ஒளி தெரிந்தது வாஸ்தவம். ஆனால் செப்புக்காசை வைத்தாலும் அதே ஒளி தெரிகிறது. காற்றில் மின்சாரம் பாய்வதன்றி அது வேறில்லை. காசுக்கும் ஆத்மா உண்டென்றால், கோயில் உண்டியல்களில் எத்தனை ஆத்மாக்கள் அடைபட்டுக் கிடக்கின்றனவோ!

போகட்டும், பறவை செத்தது நிஜந்தானே? நிஜந்தான். பக்கத்துத் திருக்கழுக்குன்றத்தையே பாருங்கள். உச்சிவேளையில் மலைமேல் இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்து பூசாரி கையால் சர்க்கரைப் பொங்கல் தின்றதை உங்களில் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். சாபம்பெற்ற ரிஷிகள் என்றார்கள். மஞ்சள்முகப் பாறு என்ற அந்த ஜாதிப் பறவை பிணத்தையும் தின்னும், மலத்தையும் தின்னும். ரிஷிகளுக்கு நல்ல ஆகாரம்! 1990-களோடு அவை வருவது நின்றது. கலி முற்றிவிட்டது என்றார் பக்தர். செல்போன் கோபுரம் என்கிறது சினிமா.

கணக்குப் பார்ப்போம். இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995-ல் கல்கத்தாவிலிருந்து நடந்தது. கிராமங்களில் கோபுரம் எழும்பியது அதற்கும் வெகுகாலம் பின்பு. பிணந்தின்னிக் கழுகுகளோ 1990-களிலேயே கூட்டங்கூட்டமாய் விழத் தொடங்கிவிட்டன. வராத கோபுரம் எப்படிக் கொல்லும்?

கொன்றது டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து. மாட்டுக்கு அந்த ஊசி போட்டுச் சில நாளில் மாடு செத்தால், அந்தப் பிணத்தைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்பெல்லாம் வெள்ளையாய் யூரிக் அமிலம் படிந்து மாளுகிறது. 2004-ல் லிண்ட்ஸே ஓக்ஸ் என்பவரும் தோழர்களும் பாக்கிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்து இதை வெளியிட்டார்கள். மூன்று இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. நம் குன்றத்துப் பறவையின் இனமும் வெகுவாகக் குறைந்தது.

பறவைதானே என்று எண்ணாதீர்கள். கழுகு தின்னாத பிணத்தை நாய் தின்றது, நாய் பெருகியது, வெறிநாய்க்கடியும் பெருகியது, தண்ணீரும் கெட்டது. இப்படி 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் மனிதர்கள் அதிகப்படியாய்ச் செத்திருப்பார்கள் என்று 2024-ல் இரு பொருளாதார ஆராய்ச்சியாளர் கணக்கிட்டு வெளியிட்டனர். செத்தவர் கலியால் செத்தார் என்று சும்மா இருந்திருந்தால், 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டிருக்குமா? மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல் அதையும் 3 மில்லிக்குமேல் கூடாதென்றார்கள். பிறகு 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் மாட்டுக்குத் தடையாயின.

தோழர் ஒருவர் சீட்டெழுதிக் கேட்கிறார்: "அப்படியானால் படமே பார்க்கக்கூடாதா?" தாராளமாய்ப் பாருங்கள். சிட்டி சண்டை நமக்கும் பிடித்தது, மறைப்பானேன்? ஆனால் படம் விட்டு வீட்டுக்குப் போனதும், மாட்டுக்கு ஊசி போட வருகிறவரிடம் புட்டியை வாங்கிப் பெயரைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மெலாக்ஸிகாம் என்றிருந்தால் போடட்டும், கழுகுக்குக் கெடுதலில்லை.