ஆமென் சொன்னேன், கேட்கவில்லை

(மருத்துவ ஊழிய ஞாயிறன்று நமது மருத்துவமனைச் சிற்றாலயத்தில் ஒரு தகப்பனார் பகிர்ந்துகொண்ட செய்தி. நம் ஊழியத்தைத் தாங்கும் அன்பர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. நான் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவன். கம்பம் ஏறத் தெரியும், வாலிபால் ஆடத் தெரியும். ஜெபிக்கவும் தெரியும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எப்படி உடைந்தது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஆலயம் இருந்தால் பக்கத்தில் ஒரு வாலிபால் கோர்ட்டும் இருக்கும். அது தற்செயல் அல்ல. வாலிபாலைக் கண்டுபிடித்தவரே ஒரு ஒய்.எம்.சி.ஏ. ஊழியர். 1895-ல் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரில், வில்லியம் மார்கன் என்பவர், பாஸ்கட்பால் ஆட முடியாத நடுத்தர வயதுக்காரர்களுக்காக உண்டாக்கிய விளையாட்டு இது. நம் சென்னையிலும் 1920-ல் ஹாரி பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். சரீரமும் கர்த்தர் கொடுத்ததுதான், அதையும் பேண வேண்டும் என்று நம்பினவர்கள் இவர்கள். பலசாலிகளுக்கென்று அல்ல, மூச்சு வாங்குகிறவர்களுக்கென்று உண்டான விளையாட்டு இது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது.

என் மூத்த மகன் ஒன்பதாம் வகுப்பிலேயே என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான். நல்ல ஸ்மாஷ் அடிப்பான். விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வேயிலோ போலீசிலோ வேலை கிடைத்துவிடும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். பாட்டு, வேதவாசிப்பு, பிறகு ஒவ்வொருவராக ஜெபிப்போம். "ஆண்டவரே, இந்த டோர்னமெண்டில் இவனுக்கு ஜெயம் தாரும்" என்பேன் நான். அடுத்த ஊர் டீமும் ஆலயத்து டீம்தான். அங்கேயும் ஒரு தகப்பன் இதே நேரத்தில் இதே ஜெபத்தைச் செய்துகொண்டிருப்பான். ஆண்டவர் பாவம், யாருக்கென்று கொடுப்பார்? அதையெல்லாம் நான் யோசிக்கவில்லை.

ஞாயிறு காலையில் பயிற்சிக்கு வரச்சொன்னால் அனுப்ப மாட்டேன். ஆராதனைதான் முதலில் என்று கறாராக இருந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. ஆனால் சாயங்காலம் நான்கு மணிக்கு நானே அவனைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், இருட்டும் வரை குதிக்க வைப்பேன்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அவனுக்குத் தொண்டை வலி வந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தான், சரியாகிவிட்டது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல். முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் கணுக்கால் வீங்கியது. குதித்து ஆடுகிற பையன், சுளுக்காக இருக்கும் என்று தைலம் தடவி, கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வீக்கம் போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து அவன் ஆட்டத்தில் பின்தங்க ஆரம்பித்தான். "அப்பா, மூச்சு முட்டுது" என்றான். "சாக்குச் சொல்லாதலே, ஓடு" என்றேன். ஒரு நாள் பாதி ஆட்டத்தில் கோர்ட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். ஊரே பார்க்க அவனைத் திட்டினேன். சோம்பேறி என்று சொன்னேன். அவன் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தான். பாதி வழியில் ஒரு தடவை நின்றான். அதற்கும் கோபப்பட்டேன்.

அன்று ராத்திரி அவனால் படுக்க முடியவில்லை. படுத்தால் இருமல், மூச்சுத் திணறல். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தான். அவன் அம்மா இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்துவிட்டு, விடியும்வரை பக்கத்திலேயே இருந்தாள். விடிந்ததும் இந்த மருத்துவமனைக்கு வந்தோம்.

டாக்டர் அம்மா அவன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்கள். பிறகு, "ஐயா, எவ்வளவு நாளா இவனுக்கு மூச்சு வாங்குது?" என்றார்கள். "ரெண்டு நாளா இருக்கும்" என்றேன். "இல்லை டாக்டர், ஒரு மாசத்துக்கு மேல" என்றாள் என் மனைவி. அப்போது மடியில் இருந்த என் ஏழு வயது மகள் சொன்னாள்: "நான்தான் தினமும் ஜெபத்துல சொன்னேனே அப்பா!"

அன்பானவர்களே, அந்த இடத்தில் நான் செத்துப்போனேன். ஆமாம், அவள் சொல்லியிருக்கிறாள். "இயேசப்பா, அண்ணனுக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காம இருக்கணும்" என்று ராத்திரிதோறும் என் பக்கத்தில் முழங்காற்படியிட்டுச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான் ஆமென் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நம் தமிழில் 'கேட்பது' என்றால் வேண்டிக்கொள்வது. காது கொடுப்பதும் கேட்பதுதான். நான் ஜெபத்தில் முதலாவதை மட்டும் செய்துகொண்டிருந்தேன். ஆண்டவர் பதில் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை குறைப்பட்டிருக்கிறேன். பதில் என் வீட்டுப் பாயிலேயே, ஒரு சின்னப்பிள்ளையின் வாயில் இருந்தது.

அவனுக்கு வந்தது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் ஒருவகைக் கிருமி வருகிறது. அதை எதிர்க்க நம் உடம்பு எழுப்புகிற சேனை, சில பிள்ளைகளுக்கு மட்டும், தன் மூட்டுகளையும் இருதயத்தையுமே தாக்கிவிடுகிறது. மூட்டு வலி போய்விடும். இருதய வால்வில் விழுந்த தழும்பு போவதில்லை. எக்கோ எடுத்ததில் என் மகனுடைய மைட்ரல் வால்வு சரியாக மூடாமல், இரத்தம் பின்னால் கசிவது தெரிந்தது. தொண்டை வலி வந்த அன்றே தகுந்த மருந்து கொடுத்திருந்தால் பெரும்பாலும் தடுத்திருக்கலாம் என்று டாக்டர் அம்மா சொன்னார்கள். குற்றப்படுத்திச் சொல்லவில்லை. அடுத்த பிள்ளைக்காவது நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தோம். போட்டி ஆட்டம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி இந்தச் சிற்றாலயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து ஆண்டவரோடு சண்டை போட்டேன். ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டேனா, காணிக்கையில் குறை வைத்தேனா என்றெல்லாம் கேட்டேன். சாப்ளின் ஐயா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஓட்டக்காரரின் கதையைச் சொன்னார்.

எரிக் லிடல் என்ற அந்த ஸ்காட்லாந்துக்காரர் மிஷனரிப் பெற்றோருக்குச் சீனாவில் பிறந்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதில் ஓட மறுத்தார். நானூறு மீட்டரில் ஓடி 47.6 விநாடியில் தங்கப் பதக்கம் வாங்கினார். இதுவரை எனக்குத் தெரிந்த கதைதான். இதைச் சொல்லித்தான் நானும் ஞாயிற்றுக்கிழமைப் பெருமை பேசியிருக்கிறேன்.

பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. அடுத்த வருடமே அவர் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். அவருடைய அண்ணனும் அங்கே ஒரு மிஷன் மருத்துவமனையில் டாக்டர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் எரிக்கை வெய்ஹ்சியன் முகாமில் அடைத்தார்கள். அங்கே தாய் தகப்பனைப் பிரிந்த பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார், விளையாட்டு நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விளையாட்டு கிடையாது. ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாததால் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு எரிக் லிடல் தாமே போய் நடுவராக நின்றார். ஒலிம்பிக் ஓட்டத்துக்காகக்கூட விட்டுக்கொடுக்காததை அந்தப் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். 1945 பிப்ரவரி 21-ல், விடுதலையைக் காணாமலே, மூளைக் கட்டியினால் அந்த முகாமிலேயே மரித்தார். வயது 43.

சாப்ளின் ஐயா எழுந்து போய்விட்டார். நான் அங்கேயே இருந்தேன். எனக்கு ஒன்று புரிந்தது. அவர் கண் பிள்ளைகள்மேல் இருந்தது. என் கண் பந்தின்மேல் இருந்தது. வார்டுக்குத் திரும்பி, என் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைப்பா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. 21 நாளைக்கு ஒரு தடவை அவனுக்குப் பென்சிலின் ஊசி. இடுப்பில் போடுவது, நல்ல வலி. நூறு ஊசியைத் தாண்டிவிட்டான். இன்னும் பல வருடம் போட வேண்டும். ஒன்று தவறினாலும் காய்ச்சல் திரும்ப வந்து, வால்வை இன்னும் கெடுத்துவிடலாம். எனக்கு மாதச் சம்பளம் உண்டு. அதே வரிசையில் உட்காருகிற மற்றத் தாய்மாருக்கு ஊசிக்காக ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. இரண்டு தடவை வராமல் போனால், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்று அப்படியே விட்டுவிடுவார்கள்.

இந்த மருத்துவமனையில் ஒரு நோட்டு இருக்கிறது. ஊசி போட வேண்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பக்கம். தேதி தவறினால் நர்ஸ் அக்கா போன் பண்ணுவார்கள். முடியாதவர்களுக்கு ஊசியும் பஸ் காசும் உங்கள் காணிக்கையிலிருந்து போகிறது. நீங்கள் அனுப்புகிற பணம் எங்கே போகிறது என்று நினைத்திருப்பீர்கள். ஒரு பிள்ளையின் இருபத்தோராம் நாள் தவறாமல் இருப்பதில் போகிறது. ஃபோட்டோ பிடித்துக் காட்ட முடியாத காரியம் அது.

என் மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். வால்வுக்கு என்றைக்காவது ஆபரேஷன் தேவைப்படலாம் என்று டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார்கள். அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். ஆலயத்துச் சிறுவர் டோர்னமெண்டில் அவன்தான் இப்போது நடுவர். போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு பையன் ஓடாமல் நின்றான் என்று அவன் தகப்பன் வெளியிலிருந்து சத்தம் போட்டான். என் மகன் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினான். இறங்கிப் போய், "தம்பி, என்ன செய்யுது? கால் வலிக்கா, மூச்சு வாங்குதா?" என்று கேட்டான். அந்தப் பையனுக்குச் செருப்பு வார் அறுந்திருந்தது, அவ்வளவுதான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இன்றும் எட்டு மணிக்குத்தான். இப்போது நான் கடைசியில் ஜெபிக்கிறேன். அதற்குமுன் பிள்ளைகள் சொல்வதைக் கேட்கிறேன். தகப்பன்மாரே, இன்று ராத்திரி உங்கள் பிள்ளை ஜெபிக்கும்போது, ஆமென் சொல்வதற்குமுன் அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். தொண்டை வலி என்று சொன்னால், காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.