அம்மா எப்படி உட்காருவார்?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குச் சொந்த ஊர் ராசிங்காபுரம். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய் வந்துதான் அம்மா என்னைப் படிக்க வைத்தார். ஏலச்செடி தரையை ஒட்டிக் காய்ப்பது. குத்துக்காலிட்டு உட்காராமல் பறிக்க முடியாது. அந்த அம்மாவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்து, செயற்கை மூட்டு பொருத்தினார்கள். மூன்றாம் மாதம், வீட்டில் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கும்போது மூட்டு நழுவிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தால், கிண்ணம் இருக்க வேண்டிய கோணத்தில்தான் இருக்கிறது! மயக்கம் கொடுத்து, பந்தை மறுபடி உள்ளே தள்ளினார்கள். அந்தப் புதிர்தான் என்னை இப்போதைய வேலைக்கு இழுத்து வந்தது.

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் உருளும் பந்து. கிண்ணம் 40 டிகிரி சாய்ந்து, 15 டிகிரி முன்னோக்கித் திரும்பியிருக்க வேண்டும். இரண்டிலும் 10 டிகிரி கூடலாம், குறையலாம் என்று 1978-ல் லூயினெக் குழுவினர் எழுதினார்கள். ஆனால் நோயாளி துணிக்கடியில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். காலை இழுக்கும்போது இடுப்பெலும்பும் அசைகிறது. கண்மதிப்பு தவறிவிடும்.

இதற்காகத்தான் நேவிகேஷன். 1990-களில் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பொறியாளர்களும் மருத்துவர்களும் சேர்ந்து 'ஹிப்நாவ்' என்ற முறையை உருவாக்கினார்கள். எலும்பில் ஊன்றிய கம்பியிலும், கிண்ணம் பிடிக்கும் கருவியிலும் உள்ள குறிகளைக் கேமரா பார்க்கிறது. எலும்பு அசைந்தாலும் கோணத்தைத் திரை உடனே சொல்லும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: எலும்பின் முனைகளை முதலில் தொட்டுக் காட்டுவது மனிதக் கை. அங்கே தவறினால், தவறான கணக்கைத்தான் கருவி துல்லியமாகப் போடும்!

சரி, அம்மாவின் கிண்ணம்? 2016-ல் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், நழுவிய 206 மூட்டுகளில் 58 சதவீதம் அந்தப் பாதுகாப்பு எல்லைக்குள்ளேயே இருந்தன. உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சாய வேண்டும்; முதுகெலும்பு இறுகிப்போனவருக்கு அது சாயாது. அதனால்தான் இப்போது பலர் நின்றும் உட்கார்ந்தும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஆளுக்குத் தக்க கோணத்தை முடிவு செய்கிறார்கள். கருவி அந்தக் கோணத்தில் வைத்துக் கொடுக்கும். எந்தக் கோணம் என்று அதுவாகச் சொல்லாது.

அம்மாவிடம், "நீங்க எப்படிம்மா உட்காருவீங்க?" என்று அறுவைக்கு முன் யாரும் கேட்கவில்லை. பொறியியல் படித்த மகன் நானும் கேட்கவில்லை. இப்போது நாற்காலியில்தான் உட்காருகிறார். "முறம் மடியில நிக்க மாட்டேங்குதுப்பா" என்கிறார்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் கருவிகள் செய்வீர்கள். அதற்கு முன் ஒரு நாள் ஜீப்பில் ஏறி, தோட்டத்தில் நம்மவர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.