எழுத்தில் தடுமாறும் இளஞ்செல்வம்



குழந்தைக்கு அறிவு குறைவோ என்று வருந்தும் பெற்றோர் உண்டு. அறிவு நிரம்ப இருந்தும் பள்ளியில் பின்தங்குகிறதே என்று கலங்கும் பெற்றோரும் உண்டு. இவர்தம் கவலை இன்னும் பெரிது. வெளியே சொன்னால் நம்புவார் சிலரே.

நான்காம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். பாட்டி சொன்ன கதையை ஒரு நிகழ்ச்சியும் விடாமல் திருப்பிச் சொல்கிறான். கடையில் மீதிச் சில்லறையைத் தந்தைக்கு முன்பே கணக்கிட்டுவிடுகிறான். ஆயின் பாடநூலைக் கொடுத்தால் ஒரு வரியைக் கடக்கத் தவிக்கிறான். கரும்பலகையில் உள்ளதை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. நேற்றுப் பழகிய சொல் இன்று புதிதாகத் தோன்றுகிறது. பள்ளியில் அவனுக்குக் கிடைக்கும் பெயர் ‘கவனம் இல்லாதவன்’, வீட்டில் ‘சோம்பேறி’. உறவினரோ தாயின் வளர்ப்பைக் குறை கூறுகின்றனர். சில திங்களில் அவன் காலைதோறும் வயிறு வலிக்கிறது என்று அழத் தொடங்குகிறான். அந்த வலி நடிப்பாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. அச்சமும் வலியாக வெளிப்படும்.

இத்தகைய பிள்ளைகள் இன்று புதிதாகத் தோன்றியவர்கள் அல்லர். 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். அவன் விளையாட்டில் வல்லவன். 749ஐ 867ஆல் விரைந்து பெருக்கிச் சரியான விடை தந்தவன். ஆனால் எளிய சிறுவர் நூலைப் படிக்க இயலவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக அமைந்தால் பள்ளியிலேயே சிறந்த மாணவன் இவனே என்பது அவன் ஆசிரியரின் கருத்து. இந்நிலையைத்தான் இன்று ‘டிஸ்லெக்சியா’ என்கின்றனர். இஃது அறிவுக் குறைவும் அன்று. மருந்தால் தீர்க்கும் நோயும் அன்று. எழுத்தை ஒலியோடு இணைப்பதில் மூளை மேற்கொள்ளும் வழி சற்று வேறுபடுகிறது, அவ்வளவே. குடும்ப வழியாக வருவதும் உண்டு. ஆகவே தாயின் வளர்ப்பைப் பழிப்பது பொருந்தாது.

தமிழ் எழுத்து எளிது, ஆங்கிலத்தில்தான் இத்தொல்லை என்பார் உளர். அது முழு உண்மை அன்று. 247 எழுத்துகளைப் பிள்ளை அறிந்தாக வேண்டும். ‘கே’ என்பதில் முதலில் ஒலிப்பது ககரம். முதலில் கண்ணிற்படுவதோ இரட்டைக் கொம்பு. ‘கோ’ என்பதில் ஓர் உயிரொலியின் குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ‘கௌ’ என்பதில் நிற்கும் குறியும் ளகரமும் ஒரே வடிவம். லகர, ளகர, ழகரங்களைச் செவியால் பிரிக்கவும் பயிற்சி வேண்டும். நமக்குப் பழகிப்போனதால் இத்தடைகள் புலப்படுவதில்லை. தடுமாறும் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு மேடு.

இவற்றைக் கடக்க வழி உண்டு. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே உரக்க ஒலித்தனர். கண், செவி, கை மூன்றும் ஒருங்கே கற்றன. இக்காலச் சிறப்பாசிரியர்களும் பல புலன்களைக் கொண்டு கற்பிக்கும் முறையையே கையாளுகின்றனர்.

பெற்றோர் செய்யத்தக்கவை சில. முதலில் பார்வையையும் கேட்கும் திறனையும் சோதித்தறிதல் வேண்டும். பின்னர்த் தகுதி பெற்ற உளவியலாளரிடம் கற்றல் திறனை மதிப்பிடச் செய்தல் வேண்டும். நாளும் சிறிது நேரம், ஓசையில் தொடங்கி எழுத்துக்கும், எழுத்திலிருந்து சொல்லுக்கும் படிப்படியாகச் செல்லுதல் நன்று. பாடத்தைப் பெற்றோரே வாசித்துக் காட்டலாம். படிக்க இயலாமையால் அறிவுக்கு உணவு நின்றுவிடலாகாது. உடன்பிறந்தாரோடு ஒப்பிடுதலை அறவே விடுக. பத்து முறை எழுதும் தண்டனையால் பிழை திருந்தாது; வெறுப்பே வளரும்.

சட்டமும் துணை நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. அதனைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து ஆவன செய்தல் பள்ளியின் கடமை என்கிறது. தமிழ்நாட்டின் பொதுத்தேர்வுகளில் இத்தகைய மாணவர்க்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுவோர் துணை, ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உள்ளன. உரிய சான்று இன்றி இவை கிட்டா. ‘குறைபாடு’ என்னும் சொல்லுக்கு நாணிப் பெற்றோர் சான்று பெறாது காலம் கடத்தினால், இழப்பு பிள்ளைக்கே.

சமண முனிவராகிய பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பாயிரம், மாணாக்கரை அன்னம், பசு, ஓட்டைக்குடம், எருமை முதலியனவாக வகுத்ததைப் பலரும் நினைவில் வைத்துள்ளனர். பின்தங்கும் பிள்ளையை எருமை என்று ஏசவும் அது பயன்பட்டிருக்கிறது. ஆனால் அதே பாயிரம், ஆசிரியராதற்குத் தகாதவரையும் உவமை கூறிச் சுட்டுகிறது. இட்ட முறையே வெளிவராத கழற்காய்க் குடம் அவற்றுள் ஒன்று. கேட்போன் எவ்வாறு ஏற்பான் என்பதறிந்து கற்பித்தலை நல்லாசிரியர்க்குரிய நெறியாகவும் அது வைக்கிறது. எனவே பாடம் ஏறாதபோது வினா மாணவனை நோக்கி மட்டும் எழுதல் முறையன்று; கற்பிக்கும் முறையை நோக்கியும் எழவேண்டும்.

உடலைத் தீண்டாமலே ஒரு சொல் உயிரை வருத்தவல்லது. ‘மக்கு’ என்ற சொல்லைப் பத்து வயதில் கேட்டவர் அறுபது வயதிலும் மறப்பதில்லை. இந்த அவையினர் இல்லம் திரும்பியதும், மதிப்பெண் குறைந்த பிள்ளையிடம் ‘ஏன் படிக்கவில்லை?’ என்று கேளாமல், ‘எந்த இடத்தில் கடினமாக இருக்கிறது?’ என்று கேட்பாராக. விடை வரச் சில நாள் ஆகலாம். அதுவரை அருகிருந்து பொறுத்தலே பெற்றோர் கடன்.